தடம் பார்க்கும் பருவம்

திருவள்ளூரிலிருந்து பூண்டி நீர்த்தேக்கத்தைத் தாண்டிப் போனால், கொசஸ்தலையாற்றுப் படுகையில் அத்திரம்பாக்கம் என்ற சிற்றூர் இருக்கிறது. 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபுட், வில்லியம் கிங் என்ற நிலவியலாளர்கள் இருவர் இங்கே கற்காலக் கைக்கோடரிகளைக் கண்டெடுத்தார்கள். 1999 முதல் சாந்தி பப்பு, குமார் அகிலேஷ் குழுவினர் அதே மண்ணை அடுக்கடுக்காகத் தோண்டி ஆராய்ந்தார்கள். அடியிலுள்ள கருவிகளின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டுகள் என்று 2011-ல் அவர்கள் அறிவித்தார்கள். உலகச் செய்தியானது அந்த வயதுதான். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது வேறொன்று. கைக்கோடரிகள் கிடந்த பழைய களிமண்ணில் சில விலங்குப் பற்களும் குளம்புத் தடங்களும் கூடவே கிடைத்தன.

ஒரு குளம்புத் தடம் மண்ணுக்குள் தங்குவதற்குப் பல பொருத்தங்கள் கூடிவர வேண்டும். மண் ஈரமாக இருக்க வேண்டும், ஆனால் சேறாக இளகியிருக்கக் கூடாது. விலங்கு போனபின் அந்த இடம் சற்று உலர வேண்டும். அடுத்த வெள்ளம் அரித்துக்கொண்டு போகாமல் மெல்ல வந்து வண்டலைப் போர்த்திவிட்டுப் போக வேண்டும். இத்தனையும் நடந்ததால்தான் அந்த வெள்ளச் சமவெளியில் ஏதோ ஒரு நாள் நீர் தேடி வந்த விலங்கின் கால்வைப்பு நம் காலம்வரை வந்து சேர்ந்தது. அதே சமவெளியில்தான் கல்லை உடைத்துக் கூராக்கியவர்களும் நடமாடினார்கள். எழுத்து தோன்றுவதற்கு லட்சக்கணக்கான ஆண்டுகள் முன்பே அவர்கள் கண்முன்னே படிப்பதற்கு ஒன்று இருந்தது. அது தரை.

அந்தப் படிப்பு இன்னும் அழியவில்லை. உலகின் பல மூலைகளில், மிக நுட்பமாக, பொறுமையாக நடந்துகொண்டிருக்கிறது. அதில் ஒரு மூலை நம் திருவள்ளூர் மாவட்டம்.

முதலில் கொஞ்சம் தள்ளிப் போய் வருவோம். அமெரிக்காவில் வெள்ளைவால் மான் வேட்டைக்கு இலையுதிர் காலத்தில் சட்டப்படி ஒரு பருவம் உண்டு. அந்தப் பருவம் முடிந்ததும் பெரும்பாலானோர் துப்பாக்கியைத் துடைத்து வைத்துவிடுகிறார்கள். ஆனால் வயது முதிர்ந்த ஆண் மானைக் குறிவைக்கும் சிலர், பருவம் முடிந்தபின்தான் காட்டுக்குள் தீவிரமாக நடக்கத் தொடங்குகிறார்கள். குளிர்காலக் கடைசியில் மரங்கள் மொட்டையாக நிற்கும். கோடையில் புதர் மூடியிருந்த ஒற்றையடித் தடங்களெல்லாம் அப்போது வெட்டவெளியாகத் தெரியும். சென்ற பருவத்தில் மான் கொம்பை உரசிப் பட்டை உரித்த மரம், குளம்பால் பறித்துப் போட்ட மண், படுத்து எழுந்த பள்ளம் எல்லாம் அப்படியே இருக்கும். அந்தச் சமயத்தில் மான் மனிதனைக் கண்டு மிரண்டாலும் நட்டமில்லை. அடுத்த பருவம் வருவதற்குள் அது மறந்துவிட மாதங்கள் இருக்கின்றன.

முதிர்ந்த மானுக்கு ஏன் இத்தனை பாடு? ஐந்தாறு பருவம் தப்பிப் பிழைத்த ஆண் மான், இளம் மானைப்போல நடந்துகொள்வதில்லை. பகலில் அடர்ந்த புதருக்குள் கிடக்கும். அந்தி சாய்ந்தபின்தான் வெளியே வரும். படுக்கும் இடத்தைத் தேர்ந்தெடுக்கையில் காற்று முதுகுப்பக்கமிருந்து வரும்படியும், பார்வை முன்பக்கம் திறந்திருக்கும்படியும் பார்த்துக்கொள்ளும். பின்னால் வருவதை மூக்கு சொல்லிவிடும், முன்னால் வருவதைக் கண் சொல்லிவிடும். அப்படிப்பட்ட விலங்கை அதன் பருவத்தில் போய்த் தேடினால், தேடுகிறவனைத்தான் அது முதலில் கண்டுபிடிக்கும். ஆகவே அது இல்லாத நேரத்தில் அதன் பழக்கங்களைப் படித்து வைத்துக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை.

இந்தியாவில் 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் மான் வேட்டையைத் தடுத்துவிட்டது. காட்டில் உதிர்ந்து கிடக்கும் மான்கொம்பைக்கூட எடுத்துவரக் கூடாது, அது அரசின் சொத்து. சட்டம் அப்படி இருப்பதே சரி என்பது என் உறுதியான கருத்து. ஆனால் வேட்டையோடு சேர்ந்து வளர்ந்த அந்த அறிவு வேட்டையோடு சாக வேண்டியதில்லை. இன்று நம் காடுகளில் மானைக் கணக்கெடுக்கும் ஆய்வாளரும் வேட்டைத் தடுப்புக் காவலரும் செய்வது கிட்டத்தட்ட அதே வேலைதான். காலம் மட்டும் மாறுகிறது. நமக்கு இலையுதிர்ந்த பனிக்காலம் கிடையாது. மாசியில் புல் காயத் தொடங்கி, ஆனி வரை நீளும் வறட்சிதான் நம் ஊரின் தடம் பார்க்கும் பருவம்.

ஏன் என்று சொல்கிறேன். வடகிழக்குப் பருவமழை பெய்யும் ஐப்பசி, கார்த்திகையில் ஒரு தடம் ஒரு நாள்கூட நிற்காது. மானின் புழுக்கை மழையில் கரைந்துவிடும். கரையாததைச் சாணவண்டுகள் உருட்டிப் புதைத்துவிடும். எங்கும் நீர், எங்கும் புல். மான் எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். கோடையில் அந்தச் சுதந்திரம் சுருங்கிவிடுகிறது. புள்ளிமான் பெரும்பாலும் புல் மேயும் விலங்கு, நீரை விட்டு அதிக தூரம் விலகாது. குட்டைகள் ஒவ்வொன்றாக வற்ற வற்ற, காட்டின் எல்லா வழிகளும் மீதமிருக்கும் நீரை நோக்கி ஒன்றுகூடும். புழுக்கை வாரக்கணக்கில் உலர்ந்து கிடக்கும். புழுக்கைக் குவியலை எண்ணி மான் தொகையை மதிப்பிடும் முறை ஒன்று உண்டு. ஒரு மான் நாளுக்கு எத்தனை முறை போடும், ஒரு குவியல் எத்தனை நாள் அழியாமல் கிடக்கும் என்ற இரண்டு கணக்கும் தெரிந்தால், தரையில் இருப்பதைக் கொண்டு மேலே நடமாடுவதைக் கணிக்கலாம். வறண்ட காலத்தில் அந்தக் கணக்கு நம்பகமாக வரும்.

புள்ளிமானின் ஆண் விட்டுச்செல்லும் அடையாளங்கள் தனி வகை. கொம்பை மரத்தில் உரசிப் பட்டையை உரிக்கும். முன்னங்காலால் தரையைப் பறிக்கும். பின்னங்கால் இரண்டில் நிமிர்ந்து நின்று, தலைக்கு மேலிருக்கும் கிளையில் முகத்தை உரசி, கண்ணருகேயுள்ள சுரப்பியின் மணத்தைப் பூசிவிட்டுப் போகும். நான்கு காலில் நிற்கும் விலங்கின் உயரத்துக்கு மேலே ஒரு கிளை ஒடிந்து வழவழப்பாகி இருந்தால், அங்கே வளர்ந்த ஆண் ஒன்று வந்துபோயிருக்கிறது என்று பொருள். இதைப் பார்க்கப் பழகியவர் கண் தரையை மட்டும் தேடாது. மேலேயும் போகும்.

இதில் மிகப் பெரிய வியப்பு கொம்புதான். வெளிமானுக்கும் ஆட்டுக்கும் உள்ள கொம்பு வாழ்நாள் முழுக்க நிலைத்திருப்பது. எலும்பு உள்ளே, உறை வெளியே. புள்ளிமானுக்கு இருப்பது முழு எலும்பு, அது ஆண்டுதோறும் விழுந்து மறுபடி முளைப்பது. முளைக்கும்போது ரத்தக்குழாய்கள் நிறைந்த மென்மயிர்த் தோல் அதைப் போர்த்தியிருக்கும். பாலூட்டிகளின் உடலில் இவ்வளவு வேகமாக வளரும் எலும்பு வேறில்லை. வட அமெரிக்காவின் பெரிய மான்களுக்கு உச்ச வளர்ச்சியின்போது ஒரே நாளில் இரண்டு சென்டிமீட்டர் வரை கூடும். கொம்பு முழுதாக வளர்ந்தபின் ஆண் இயக்குநீர் உயர்கிறது, தோல் காய்ந்து உரிகிறது, கீழே கடினமான எலும்பு தெரிகிறது. சில மாதங்கள் அந்தக் கொம்போடு பெண்மான்களைத் தேடியும் மற்ற ஆண்களோடு மோதியும் திரியும். பின்னர் இயக்குநீர் தாழும்போது, கொம்பும் மண்டையும் சேரும் இடத்தில் எலும்பைக் கரைக்கும் அணுக்கள் வேலையைத் தொடங்கும். ஒரு நாள் கொம்பு தானாக விழுந்துவிடும்.

அமெரிக்க மானுக்கு இந்த முழுச் சுற்றையும் ஆட்டிவைப்பது பகலின் நீளம். நியூயார்க்கில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஏறத்தாழ ஆறு மணி நேர வித்தியாசம். எல்லா ஆண் மான்களும் அதே சூரியனைப் பார்த்து ஒரே மாதங்களில் கொம்பை உதிர்க்கின்றன. திருவள்ளூர் இருக்கும் 13 பாகை அட்சரேகையில் அந்த வித்தியாசம் ஒன்றரை மணி நேரம்தான். அதனால் நம் புள்ளிமான்களிடம் அந்தக் கண்டிப்பு இல்லை. ஒரே கூட்டத்தில் ஒன்று கடினக் கொம்போடும், மற்றொன்று தோல் போர்த்திய இளங்கொம்போடும், இன்னொன்று மொட்டைத் தலையோடும் நிற்கக் காணலாம். பெரும்பான்மை ஆண்கள் கடினக் கொம்போடு இருக்கும் மாதங்கள் உண்டு, ஆனால் அது எல்லோருக்கும் பொதுவான கட்டளை அல்ல. சென்னையின் நடுவே வெறும் 2.7 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள கிண்டி தேசியப் பூங்காவில் டி. ஆர். சங்கர் ராமன் 1990-களின் தொடக்கத்தில் புள்ளிமான்களைத் தொடர்ந்து கவனித்து, அவற்றின் கொம்புச் சுழற்சியையும் மாதத்துக்கு மாதம் மாறும் கூட்ட அளவையும் பற்றி எழுதினார். மாநகரப் பேருந்து இரைச்சல் கேட்கும் தூரத்தில் நடந்த பொறுமையான வேலை அது.

தடம் பார்ப்பவருக்கு இதில் முக்கியமான ஒரு குறிப்பு கிடைக்கிறது. இளங்கொம்பு வளரும் காலத்தில் ஆண் மான் அடிபடாமல் இருக்க வேண்டும், நிறையத் தின்ன வேண்டும். மற்ற ஆண்களோடு சண்டையில்லாமல் சேர்ந்து மேயும். கொம்பு கடினமானதும் கூட்டம் விட்டுக் கூட்டம் போகும். ஆக, ஒரே மான் ஆண்டின் ஒரு பாதியில் ஒரு குணம், மறு பாதியில் இன்னொரு குணம். சித்திரையில் ஒரு மானைப் பார்த்த இடத்தில் ஐப்பசியிலும் அதைத் தேடுகிறவர் ஏமாந்து போகலாம். இடத்தோடு சேர்த்து மானின் உடலுக்குள் ஓடும் காலத்தையும் அறிய வேண்டியிருக்கிறது.

உதிர்ந்த கொம்புகள் ஏன் காடெங்கும் குவிந்து கிடப்பதில்லை என்று சிலர் கேட்பதுண்டு. முள்ளம்பன்றியும் எலியும் அவற்றைக் கொறித்துத் தீர்க்கின்றன. புள்ளிமானே பிற மானின் கொம்பையும் எலும்பையும் மெல்லும். சுண்ணாம்புச் சத்தும் பாஸ்பரசும் குறைந்த மண்ணில் அது ஓர் உணவு. ஒரு கொம்பு அடுத்த ஆண்டு வேறொரு தலையில் முளைப்பதற்கு இப்படி வழி இருக்கிறது. சட்டம் கொம்பைத் தொடாதே என்று சொல்வதற்கு, கள்ளச் சந்தை என்ற காரணத்தோடு இதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

இனி தடத்தின் வயது. தடம் எந்த விலங்கினுடையது என்று சொல்வது எளிது, சில நாட்களில் பழகிவிடும். மானின் குளம்பு இரண்டாகப் பிளந்திருக்கும், கூர்முனை போகும் திசையைக் காட்டும். எப்போது பதிந்தது என்று சொல்வதுதான் கடினம். புதுத் தடத்தின் விளிம்பு கூர்மையாக இருக்கும். வெயில் ஏற ஏற விளிம்பு காய்ந்து உதிரும். உள்ளே காற்று கொண்டுவந்த தூசியும் சருகும் சேரும். தடத்துக்குள் எறும்பு புற்று கிளப்பியிருந்தால் அது புதுத் தடமல்ல. தடத்தின்மேல் பனித்துளி விழுந்த குழிகள் இருந்தால் விடியலுக்கு முன்பே அந்த விலங்கு கடந்துவிட்டது. குழிகளை மிதித்துக்கொண்டு தடம் போயிருந்தால் விடிந்தபின் போயிருக்கிறது. புழுக்கையின் மேல் இன்னும் ஈரப் பளபளப்பு இருக்கிறதா, உலர்ந்து வெடித்துவிட்டதா, கரையான் ஏறிவிட்டதா என்பதும் ஒரு கடிகாரம்.

தென்னாப்பிரிக்காவின் லூயி லீபன்பெர்க் 1990-ல் எழுதிய நூலில் ஒரு துணிச்சலான கருத்தை முன்வைத்தார். கலஹாரிப் பாலைவனத்தின் சான் வேட்டைக்காரர்களோடு நடந்து பார்த்தபின் அவர் சொன்னது இது: அறிவியல் முறை தொடங்கியது தடம் பார்த்தலில்தான். தரையில் ஒரு அடையாளம் கிடைக்கிறது. விலங்கு இப்படிச் செய்திருக்கும் என்று ஓர் ஊகம் எழுகிறது. அப்படியானால் அடுத்த மேட்டுக்கு அப்பால் இன்னதைக் காண வேண்டும் என்று முன்கூட்டிச் சொல்லி, போய்ப் பார்த்து, இல்லையென்றால் ஊகத்தைக் கைவிடுவது. ஆய்வகத்தில் நடப்பதும் இதுதானே. அந்தத் துணிச்சலோடு நான் முழுவதும் ஒத்துப்போகிறேன். அதற்கான சான்று எனக்குக் கலஹாரியில் வேண்டியதில்லை, நம் பக்கத்திலேயே இருக்கிறது.

திருவள்ளூர், செங்கல்பட்டு மாவட்டங்களின் இருளர்கள் தடம் பார்ப்பதில் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தவர்கள். அவர்கள் படித்த தரை பெரும்பாலும் வயல் வரப்பும், ஏரிக்கரையும், முள்காடும். தேடியது எலியும் பாம்பும் உடும்பும். வளை வாயில் சிலந்தி வலை முழுதாக இருந்தால் அதைத் தோண்டிப் பயனில்லை, உள்ளே யாரும் போய்வரவில்லை. வாயின் ஓரம் தேய்ந்து வழவழப்பாக இருந்தால் ஆள் இருக்கிறது. உரித்துப்போட்ட சட்டை, எச்சம், மண்ணில் வயிறு இழுபட்ட கோடு என்று ஒவ்வொன்றும் ஒரு சொல். 1972-ன் சட்டம் பாம்புத்தோல் தொழிலை நிறுத்தியபோது இவர்கள் பிழைப்பும் நின்றது. பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேகர் முயற்சியில் 1978-ல் வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கையும் அனுமதியோடு பிடித்து, நஞ்சு எடுத்து, அடையாளமிட்டு, மறுபடி காட்டில் விடுகிறார்கள். நாட்டின் பாம்புக்கடி மருந்துக்கு வேண்டிய நஞ்சில் பெரும்பகுதி அங்கிருந்துதான் போகிறது. அதே காலத்தில் இதே சமூகத்தைச் சேர்ந்த எத்தனையோ குடும்பங்கள் அரிசி ஆலைகளிலும் செங்கல் சூளைகளிலும் கொத்தடிமைகளாகக் கிடந்தன என்பதையும் சேர்த்துச் சொல்லாமல் விட முடியாது. அறிவைக் கொண்டாடிவிட்டு அறிவுடையவர்களை மறப்பது நம்மிடம் நெடுநாளாக இருக்கும் பழக்கம்.

2017-ல் அந்த அறிவு கடல் கடந்தது. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் பர்மிய மலைப்பாம்புகள் பெருகி எவர்கிளேட்ஸ் சதுப்புநிலத்தைத் தின்றுகொண்டிருந்தன. பாலூட்டிகளைப் பற்றி 2012-ல் வெளியான ஆய்வு ஒன்று, அங்கே வெள்ளைவால் மான் கண்ணில் படுவது 94 விழுக்காடு குறைந்துவிட்டதாகக் காட்டியது. 2016-ல் நடந்த மலைப்பாம்பு வேட்டைப் போட்டியில் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் கலந்துகொண்டு, ஒரு மாதத்தில் 106 பாம்புகளைப் பிடித்தார்கள். சராசரியாகப் பத்துப் பேருக்கு ஒரு பாம்பு. அடுத்த ஆண்டு ஜனவரியில் மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இரண்டு இருளர்கள் அங்கே அழைக்கப்பட்டார்கள். இரண்டு வாரம் முடிவதற்குள் 13 மலைப்பாம்புகள். அவற்றில் ஒன்று ஏறத்தாழ 16 அடி நீளமுள்ள பெண் பாம்பு. மற்றவர்கள் சாலையோரமாகவும் கரைமேடுகளிலும் பார்த்துக்கொண்டு போக, இவர்கள் அடர்ந்த புதருக்குள் நடந்தார்கள். அவர்களுக்கு அந்த நாடும் புதிது, அந்தப் பாம்பும் புதிது. எங்கே படுக்க வசதி, எங்கே வெயில் காய வசதி என்று யோசிக்கும் முறை மட்டும் பழையது. 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

இந்த இரண்டு பேரும் அந்த இரண்டு வாரத்தில் கற்றுக்கொண்டது கொஞ்சம்தான். முன்பே கற்றது ஒரு வாழ்நாள். பாம்பு தேவைப்படாத நாளிலும், இடுப்பில் பிள்ளையை வைத்துக்கொண்டு வரப்பில் நடந்த நாளிலும், சிறுவனாக அப்பாவின் பின்னால் கடப்பாறையைத் தூக்கிக்கொண்டு போன நாளிலும் தரையைப் பார்த்துக்கொண்டே இருந்ததன் பலன் அது. அமெரிக்க மான் வேட்டைக்காரர் பருவம் முடிந்தபின் காட்டில் நடப்பதற்கும் இதற்கும் அடிப்படை ஒன்றே. அவசரமில்லாத நேரத்தில் சேர்த்து வைத்தது மட்டுமே அவசரத்தில் கைகொடுக்கிறது.

திருவள்ளூருக்கு ஒட்டினாற்போல இருக்கும் காக்களூரில் தொழிற்பேட்டை இருக்கிறது, பால்பண்ணை இருக்கிறது, ஏரியும் இருக்கிறது. இங்கே மான் கிடையாது. ஆனால் பங்குனி, சித்திரையில் ஏரிநீர் பின்வாங்கும்போது விளிம்பில் ஈரமும் உலர்வும் சேர்ந்த ஒரு பட்டை மண் வெளிப்படும். அத்திரம்பாக்கத்துக் களிமண் ஒரு காலத்தில் இருந்த நிலை அதுதான். கொக்கும் உள்ளானும் கீரியும் தெருநாயும் மேய்ச்சல் மாடும் அதில் இரவுபகலாக எழுதிவிட்டுப் போகின்றன. மாட்டின் குளம்பும் பிளந்ததுதான். மான் தடம் பயில நினைப்பவருக்கு மாட்டைவிட நல்ல தொடக்கம் கிடைக்காது, ஏனென்றால் அது எப்போது நீருக்கு வந்தது என்று மேய்ப்பவரிடம் கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

செய்முறையும் எளியது. ஒரு தடத்தைத் தேர்ந்தெடுங்கள். அதன் பக்கத்தில் உங்கள் கட்டை விரலை அழுத்தி, புதிதாக ஒரு தடம் பதியுங்கள். இரண்டின் விளிம்பையும் ஒப்பிட்டு, விலங்கின் தடம் எத்தனை மணி நேரப் பழையது என்று எழுதி வையுங்கள். மறுநாள் அதே நேரத்தில் வந்து உங்கள் விரல் தடத்தைப் பாருங்கள். ஒரு நாள் பழைய தடம் இந்த மண்ணில், இந்த வெயிலில் எப்படி இருக்கும் என்பது இப்போது தெரியும். காற்றடித்த நாளில், மேகமூட்ட நாளில், கோடைமழை தூறிய நாளில் மறுபடி செய்யுங்கள். காலையிலும் மாலையிலும் வெயில் சாய்வாக விழும்போது பாருங்கள், சூரியனுக்கும் உங்களுக்கும் நடுவில் தடம் இருக்கும்படி நில்லுங்கள். நண்பகலில் நிழல் இல்லாததால் ஆழமான தடம்கூட மறைந்துபோகும். படம் எடுப்பதைவிடக் கையால் வரைவது நல்லது, வரையும்போதுதான் கண் உண்மையில் பார்க்கிறது.

நம் பள்ளிகளின் அறிவியல் வகுப்பு ஆண்டில் ஒரு முறையாவது இந்த ஏரிக்கரைக்கு வர வேண்டும் என்பது என் ஆசை. கருதுகோள், சோதனை, முடிவு என்ற மூன்று சொல்லையும் கரும்பலகையில் எழுதி மனப்பாடம் செய்யும் பிள்ளைகள், அவற்றைக் காலடியில் பார்க்கட்டும். அவர்களோடு இந்த மாவட்டத்து இருளர் பெரியவர் ஒருவரும் வர வேண்டும், வழிகாட்டியாகவோ விருந்தாளியாகவோ அல்ல, ஆசிரியராக, ஆசிரியருக்கு உரிய ஊதியத்தோடு.